வழங்கியும் தமிழெழுத்தும்

மலாய்மொழியில் 'ஆயர்' என்பது நீரைக் குறிக்கும். 'தாவார்' என்பது உப்பும் கரிப்பும் கலவாத தன்மையைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்து நன்னீர் என்னும் பொருள் தருவன. பேராக் மாநிலத்து மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானை அடுத்துள்ள ஆயர் தாவார் என்னும் சிற்றூர் இப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. இத்தகைய ஊர்களைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் பால்மரம் சீவிப் பிழைத்த தமிழர் வரலாற்றில் அச்சேறியது சிறிது. கையெழுத்து ஏடுகளிலேயே நின்றுவிட்டது பெரிது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஆண்டு மலர், கோயில் திருவிழா வரவுசெலவுக் கணக்கு, மன்றக் கூட்டக் குறிப்பு ஆகியவையே அவ்வரலாற்றுக்குச் சான்றுகள். பேராக்கின் தோட்டங்கள் பல ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறின. லயங்களில் வாழ்ந்தோர் நகரங்களை நாடிப் பெயர்ந்தனர். குடி பெயர்ந்தால் ஏடும் சிதறும். ஆதலின் எஞ்சியவற்றையேனும் இணையத்தில் ஏற்றிவைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழாசிரியரிடையே எழுவது இயல்பேயாகும்.

எண்ணம் நன்று. எனினும் ஏற்றிய ஏடு எழுத்துக் குலையாமல் நிலைத்து நிற்குமா என்பது வேறு வினா. அரும்பாடுபட்டுத் தட்டச்சு செய்த பக்கங்கள், சில காலம் கழித்துத் திறந்து பார்க்குங்கால், வரிவரியாக வினாக்குறிகளாய் மாறிக் கிடத்தலும் உண்டு. அம்மாற்றம் எவ்விடத்தில் நேர்கின்றது, அதனைத் தடுப்பது எங்ஙனம் என்பதை அறியப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை. வழங்கி என்பது யாது, அதனை ஒழுங்கு செய்தல் என்பது யாது என்னும் இரண்டும் விளங்கினால் போதும்.

வழங்கி என்பது யாது?

பழந்தோட்டத்தின் அலுவலகத்தை நினைவுகூர்க. வெளியூர்க் கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். கிராணி மேலுறையைப் பார்த்து, உரியவர் எந்த லயத்தார் என்று அறிந்து சேர்ப்பிப்பார். ஒருவர் தம் பேர்ப்பதிவைக் கேட்டு வந்தால், பதிவேட்டைப் புரட்டி வேண்டியதை எழுதிக் கொடுப்பார். வழங்கியின் தொழிலும் இதுவே. எந்நேரமும் அணையாது இயங்கும் ஒரு கணினியில், வருவோர் கேட்பதற்காகக் காத்திருக்கும் ஒரு செயல்நிரல் இருக்கும். கேட்டதை எடுத்து வழங்குவதால் அது வழங்கி எனப்பட்டது. 

உலகின் முதல் இணைய வழங்கி, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் பயன்படுத்திய கணினியாகும். 'இது வழங்கி, இதனை அணைக்கலாகாது' என்னும் கருத்துப்பட எழுதிய தாள் ஒன்று அதன்மீது ஒட்டப்பட்டிருந்தது. 1995-இல் தோன்றிய அப்பாச்சி, 2004-இல் வெளிவந்த எஞ்சின்எக்ஸ் என்னும் இரு வழங்கி நிரல்களும் இன்று உலகெங்கும் பயன்பட்டு வருகின்றன. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை.

வழங்கிக்கு எண்ணால் ஆகிய முகவரி ஒன்று உண்டு. மக்கள் எண்களை நினைவில் வைத்தல் அரிதாகலின், பெயர் ஒன்றைப் பதிவு செய்து அவ்வெண்ணோடு இணைப்பர். அப்பெயரைத் தமிழெழுத்திலேயே அமைத்தலும் கூடும்; .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என முடியும் முகவரிகள் அதற்கு இடந்தருகின்றன. ஒரே வழங்கியில் பல தளங்கள் குடியிருக்கலாம். எப்பெயரைக் கேட்டு வந்தவருக்கு எந்தக் கோப்புறையைத் திறந்து காட்டவேண்டும் என்பதை எழுதிவைக்கும் ஏடே அமைப்புக் கோப்பு எனப்படுவது. வழங்கியை ஒழுங்கு செய்தல் என்பது பெரும்பாலும் இவ்வேட்டைத் திருத்தமுற எழுதுதலேயாம்.

அலமாரியும் நூலகரும்

வழங்கியில் ஏற்றப்படுவன இருவகை. ஒன்று, எழுதியது எழுதியவாறே கிடக்கும் பக்கம். இது அலமாரியில் அடுக்கிய நூலை ஒக்கும். கேட்பவருக்கு எல்லாம் ஒரே பக்கமே வரும். மற்றொன்று, கேள்விக்கு ஏற்ப அவ்வப்போது விடையை ஆக்கித் தரும் இணையச் செயலி. இது நூலகரை ஒக்கும். 'இப்பெயருடைய மலர்கள் எவை?' என்று கேட்டால், பட்டியலைத் தேடி விடையை எழுதித் தரும். நூலகருக்குப் பட்டியல் வேண்டுவது போலச் செயலிக்குத் தரவுத்தளம் வேண்டும்.

தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் உள. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் காக்கும் பொருட்டு 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் மீடியாவிக்கி என்னும் ஒரே செயலியைக் கொண்டு இயங்குவன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை அறிந்தோர்க்கு, நூலகம் போன்ற முயற்சியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பால் இவ்விரண்டும் நிலைபெற்றன. தோட்டத்துப் பள்ளி ஏடுகளுக்கும் அத்தகைய இடம் ஒன்றைச் சிறிய அளவில் அமைத்தல் இயலும்.

ஓரெழுத்து எத்தனை எழுத்து?

'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை என்று கேட்டால், த, மி, ழ் என மூன்று என்பார் ஆசிரியர். கணினியின் கணக்கு வேறு. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் வகுக்கும் ஒருங்குறியில் 1991 முதல் தமிழுக்கு இடம் உண்டு. அதில் உயிர்மெய்கள் தனித்தனி எண் பெறவில்லை. அகரம் ஏறிய மெய்யும், அதனோடு சேரும் உயிர்க்குறியும், புள்ளியும் தனித்தனி எண் பெற்றன. ஆகவே 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாம்.

இனி, அக்குறிகளைச் சேமிக்கும் முறையில் மற்றொரு கணக்கு உண்டு. கணினி தன் நினைவகத்தை 0 முதல் 255 வரை எண் ஏற்கும் சிறு அறைகளாகப் பகுத்து வைத்துள்ளது. ஓரறையின் பெயர் பைட்டு. தகரத்துக்கு ஒருங்குறி தந்த எண் 2980. அஃது ஓரறையில் அடங்காது. ஆதலின் இன்று இணையத்தில் பெருவழக்காயுள்ள எட்டுத் துணுக்கு முறைப்படி, 224, 174, 164 என மூன்று அறைகளில் அதனைப் பிரித்து வைப்பர். தமிழ்ப் பகுதியின் குறி ஒவ்வொன்றும் இங்ஙனம் மூன்று அறை கொள்ளும். ஐந்து குறிகொண்ட 'தமிழ்' பதினைந்து அறை கொள்ளும்.

இக்கணக்கை அறியாத நிரல் அந்த மூன்று அறைகளையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகவே படிக்கும். அப்போது தகரம் நிற்கவேண்டிய இடத்தில், தலையில் கோடிட்ட உரோமன் எழுத்து ஒன்றும், வட்டத்துள் அடைபட்ட எழுத்து ஒன்றும், நாணயக் குறி ஒன்றும் தோன்றும். தமிழ்ப் பக்கங்கள் சில, ஒரே மாதிரியான அயற்குறிகள் திரும்பத் திரும்ப வரும் குப்பையாய்க் காட்சியளிப்பதன் காரணம் இதுவே. தமிழ்க் குறிகள் யாவற்றுக்கும் முதல் அறை 224 ஆகவும், இரண்டாம் அறை 174 அல்லது 175 ஆகவும் இருத்தலின் அத்திருப்பம் நேர்கின்றது.

நான்கு வாயில்கள்

ஆசிரியர் தட்டச்சு செய்த எழுத்து, படிப்பவர் கண்ணுக்கு எட்டுமுன் நான்கு வாயில்களைக் கடக்கின்றது. முதலாவது, தட்டச்சு செய்த கோப்பு. இரண்டாவது, செயலியும் தரவுத்தளமும் பேசிக்கொள்ளும் இணைப்பு. மூன்றாவது, தரவுத்தளத்தின் அட்டவணை. நான்காவது, பக்கத்தை அனுப்புமுன் வழங்கி எழுதும் மேலுறை. நான்கும் ஒரே எழுத்துக்கணக்கைப் பின்பற்றுதல் வேண்டும்.

நான்காம் வாயிலில் நேரும் பிழை எளியது. பக்கத்தினுள்ளே 'இஃது ஒருங்குறி' என்று எழுதியிருப்பினும், மேலுறையில் வழங்கி வேறொன்றைக் குறித்துவிட்டால், உலாவி மேலுறையையே நம்பும். ஐரோப்பிய எழுத்துக்கணக்கைத் தானாகவே மேலுறையில் எழுதும் கட்டளை, பழைய அமைப்புக் கோப்புகள் சிலவற்றில் இடம்பெற்றிருந்ததுண்டு. அவ்வொரு வரியைத் திருத்தினால் பக்கம் உடனே தமிழாய்த் தெளியும். ஏனெனில் உள்ளே கிடக்கும் எண்கள் கெடவில்லை.

மூன்றாம் வாயிலில் நேரும் பிழை அத்தகையதன்று. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் சுவீடன் நாட்டில் பிறந்தது. 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, எவரும் ஒன்றும் கூறாதவிடத்து அது தானாகக் கொண்ட எழுத்துக்கணக்கு மேலை ஐரோப்பாவினது. தானாகக் கொண்ட அகரவரிசை சுவீடிய மொழியினது. அவ்வட்டவணையில் தகரத்துக்கு இடமே இல்லை. இடமில்லாத எழுத்தை ஏற்கச் சொன்னால், கண்டிப்பு முறை இயங்கும் தளம் பிழை என்று மறுத்துவிடும். அம்முறை இயங்காத தளம் அதனிடத்தில் ஒரு வினாக்குறியை இட்டுக்கொள்ளும். த என்றாலும் வினாக்குறி, ம என்றாலும் வினாக்குறி. எந்த வினாக்குறி எந்த எழுத்தினின்று பிறந்தது என்பதற்குச் சுவடே இராது. அயற்குறிகளாய்த் தோன்றும் பக்கத்தை மீட்கலாம். வினாக்குறியான பக்கத்தை மூல ஏடு இருந்தாலன்றி மீட்டல் இயலாது. இவ்வேறுபாட்டைத் தமிழாசிரியர் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இவற்றினும் வஞ்சகமான பிழை ஒன்று உண்டு. இணைப்பும் தவறு, அட்டவணையும் தவறு என இரண்டும் ஒரே வகையில் தவறியிருந்தால், உள்ளே சென்ற எண்கள் அவ்வாறே வெளியே வரும். திரையில் தமிழ் ஒழுங்காகவே தோன்றும். பல ஆண்டுகள் எவருக்கும் ஐயம் எழாது. பழைய வழங்கியை விட்டுப் புதியதற்கு மாறும் நாளிலே, ஒரு வாயில் மட்டும் திருத்தம் பெற, அதுகாறும் மறைந்திருந்த பிழை வெளிப்படும். அந்நேரத்தில் அஞ்சி எதையும் அழித்துவிடாமல், எண்களை அப்படியே படியெடுத்து வைத்துக்கொண்டு திருத்தினால் மீட்சி உண்டு.

பழங்கணக்கும் அகரவரிசையும்

மேற்கூறிய தரவுத்தளத்தில் மூன்று அறை வரை ஏற்கும் ஒருங்குறி முறை, நான்கு அறை வரை ஏற்கும் ஒருங்குறி முறை என இரண்டு உண்டு. தமிழ்க் குறிகள் மூன்று அறைக்குள் அடங்குதலின் முன்னதே போதும் என்று தோன்றலாம். ஆனால் முந்திரி, காணி, மா, அரைக்கால் முதலான கீழ்வாய் இலக்கங்களின் வடிவங்களும் பழங்கணக்குக் குறிகளும் 2019-இல் வந்த ஒருங்குறி 12.0 பதிப்பிலே தனித் தொகுதியாய்ச் சேர்க்கப்பட்டன. அவை நான்கு அறை கொள்வன. பழங்கணக்கு ஏடு ஒன்றை வடிவம் பிறழாது ஏற்ற விரும்புவோர் பின்னதைத் தேர்தல் வேண்டும்.

அகரவரிசையும் கருதத்தக்கது. ஒருங்குறி எண்வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே ஜகரமும் வருகின்றன. எண்வரிசைப்படியே பட்டியலிடும் செயலி, நெடுங்கணக்கு முறைக்கு மாறான அகராதியையே தரும். எண்வரிசையை விடுத்து, தமிழ் வரிசைமுறையைப் பின்பற்றுமாறு தரவுத்தளத்துக்குக் கட்டளையிடல் வேண்டும். மேலும், 'கொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் செயலிக்கு இரண்டும் வேறு. ஔகாரக் குறியின் பிற்பகுதியை ளகர எழுத்தால் தட்டிவிடுதலும் இத்தகையதே. ஏற்றுமுன் இவற்றை ஒருமைப்படுத்தாவிடின், இருக்கும் பெயரையே 'இல்லை' என்று செயலி கூறிவிடும்.

முன்னோர் பட்ட பாடு

இத்தொல்லைகள் புதியன அல்ல. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது, பேராசிரியர் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழும் அதில் இடம்பெற்றது. 'இணையம்' என்னும் சொல்லும் அவர் ஆக்கியதே என்பர். அக்காலத்தில் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் கணக்கு வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவிற் படித்தல் இயலாது. வழங்கி எண்களை மட்டும் அனுப்பும். அவற்றைத் தமிழாக்கும் எழுத்துருவைப் படிப்பவரே தம் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது.

1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் துணையோடு தட்டச்சு செய்து இலவசமாய் வழங்கிற்று. 1999-இல் தகுதரம் என்னும் பொதுக்கணக்கு உருவானபோது அதற்கும், பின்னர் ஒருங்குறிக்கும் அந்நூல்கள் மாற்றப்பட்டன. அங்ஙனம் மாற்ற முடிந்தமைக்குக் காரணம், எந்நூல் எக்கணக்கில் உள்ளது என்பது தெரிந்திருந்தமையே. எக்கணக்கு என்று எவரும் குறித்துவையாத பழம் பக்கங்களோ, இருந்தும் படிக்க இயலாதனவாயின. இலவச இடத்தை நம்பியிருந்தோர் பட்ட இழப்பு வேறு. உலகெங்கும் பலர் தம் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளத்தை 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் மூடிற்று. படியெடுத்து வையாதார் பக்கங்கள் பல அன்றோடு மறைந்தன.

திறப்பதும் பூட்டுவதும்

எழுத்தைக் காத்தல் ஒன்று. ஆளைக் காத்தல் மற்றொன்று. சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், பிறப்புப் பத்திர எண் எல்லாம் இருக்கும். இன்றும் வாழ்வோர் பற்றிய அக்குறிப்புகளை உலகம் காண ஏற்றுதல் தகாது. வழங்கி எக்கோப்புறையைத் திறந்து காட்டுகின்றதோ, அதற்கு வெளியேதான் தரவுத்தளப் படிகளும் கடவுச்சொல் எழுதிய கோப்பும் இருத்தல் வேண்டும். காட்டும் கோப்புறைக்குள் அவற்றை வைத்துவிட்டு, 'முகவரி எவருக்கும் தெரியாது' என்று ஆறுதல் கொள்ளுதல், வீட்டைப் பூட்டித் திறவுகோலைப் படியில் வைத்துச் செல்வதை ஒக்கும். கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும் வசதியையும் அணைத்து வைத்தலே முறை.

போகும் வழியில் எவரும் படிக்காதவாறு பக்கங்களை மறைத்து அனுப்பச் சான்றிதழ் ஒன்று வேண்டும். அஃது இன்று இலவசமாகவும் கிடைக்கின்றது. அங்ஙனம் கிடைப்பதன் ஆயுள் மூன்று மாதத்துக்கு மேற்படாது. எனவே அது தானே புதுப்பித்துக்கொள்ளுமாறு வழங்கியை அமைத்தல் வேண்டும். தளத்தின் பெயருக்கும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. பெயரை ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட மின்னஞ்சலில் பதிந்துவிட்டு, அவர் பணிமாற்றம் பெற்றுச் சென்றபின் நினைவூட்டுக் கடிதம் அவருக்கே போய்க் கிடக்க, பள்ளியின் பெயர் பறிபோதல் கூடும். பள்ளியின் பெயரிலேயே பதிந்து, திறவுச்சொற்களை இருவரேனும் அறிந்திருத்தல் நன்று.

நெடுங்கணக்கே உரைகல்

இத்தனையும் ஒழுங்காய் அமைந்தனவா என்று சோதிக்கும் கருவி ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியின் சுவரிலும் தொங்குகின்றது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகளையும் இடைவெளியின்றி ஒரே வரியாகத் தட்டச்சு செய்க. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒற்றைக் குறியாகத் தட்டினால், ஒருங்குறிக் கணக்கில் அவை 463 குறிகள். மும்மூன்று அறையாக 1389 பைட்டுகள். அவ்வரியைச் செயலியின் வழியே தரவுத்தளத்தில் இட்டு, அங்கே எத்தனை பைட்டுகள் உள்ளன என்று கேட்க. விடை 1389 ஆயின் பைட்டுகள் குறையாமல் உள்ளன. 463 ஆயின் எல்லாம் வினாக்குறியாயிற்று என்பது துணிபு. அதற்குமேல் ஓரேட்டையும் ஏற்றலாகாது. 1389-இனும் மிகுந்திருந்தால், ஒன்று குறிகளைப் பிரித்துத் தட்டியிருத்தல் வேண்டும், அன்றேல் மறைந்த பிழை ஒன்று இணைப்பில் இருத்தல் வேண்டும்.

தரவுத்தளத்தைப் படியெடுத்து, வேறொரு கணினியில் அப்படியை விரித்து, அங்கும் அவ்வரியைப் பார்த்தல் அடுத்த சோதனை. விரித்துப் பாராத படி, படியென்று கொள்ளத்தக்கதன்று. இவ்விரு சோதனையும் முடியுமுன் மூல ஏட்டை அகற்றுதல் கூடவே கூடாது. முடிந்த பின்னரும் அதனைப் பேணி வைத்தலே அறிவுடைமை. திரையில் வினாக்குறி தோன்றும் நாளில், அவ்வெழுத்து யாதென்று கூறவல்லது கறையான் அரித்த அப்பதிவேடு ஒன்றேயாகும்.